பக்கத்தைக் காக்கும் அட்டை

ஒரு நூலைக் கையில் எடுத்தவர் அதனை ஒரே அமர்வில் படித்து முடிப்பது அரிது. பேருந்து வந்துவிடும், அடுப்பிலே பால் பொங்கிவிடும், உறக்கம் கண்ணைச் சுழற்றும். படிப்பு நின்ற இடத்தை மறுநாள் கண்டுபிடிப்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அவசரத்தில் பெரும்பாலோர் செய்வது தாளின் மூலையை மடித்துவிடுவதாகும். சிலர் நூலைக் கவிழ்த்து வைப்பர். சிலர் எழுதுகோலை உள்ளே திணித்து மூடுவர். மூன்றும் நூலுக்குத் தீங்கானவையே. மடித்த இடத்தில் கடதாசியின் நார்கள் முறிந்துவிடுகின்றன. முறிந்த நார் மீண்டும் கூடுவதில்லை. இரண்டு மூன்று முறை மடிபட்ட மூலை ஒருநாள் தானே உதிர்கிறது. கவிழ்த்து வைத்த நூலுக்கும் எழுதுகோலை விழுங்கிய நூலுக்கும் முதுகு பிளக்கிறது, தையல் தளர்கிறது, தாள்கள் கழன்று விழுகின்றன.

தம் பணத்தில் வாங்கிய நூலைத் தாமே கெடுத்துக்கொண்டால் நட்டம் ஒருவருக்கே. பல கைகளுக்குச் செல்லும் நூலின் நிலை அதுவன்று. இலங்கையில் 1945 ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 ஆம் ஆண்டு முதல் அரசினர் பாடநூல்களும் மாணவர்க்கு இலவசமாக வழங்கப்பட்டன. ஒரு பிள்ளை படித்துத் திருப்பிக் கொடுத்த பாடநூல், அடுத்த ஆண்டில் இன்னொரு பிள்ளையின் கைக்குச் செல்வதும் உண்டு. முதற் பிள்ளை மடித்த மூலை இரண்டாம் பிள்ளையின் கையிலேதான் உதிர்கிறது. அந்த மூலையில் இருந்த கணக்கின் எண்ணோ, பாடத்தின் கடைசிச் சொல்லோ அதனோடு போய்விடுகிறது. இலவசமாகக் கிடைத்த பொருள் விலையற்ற பொருள் என்று ஆகிவிடாது. அதன் விலையை நாடு முழுவதும் சேர்ந்து கொடுத்திருக்கிறது என்பதே பொருள்.

கடதாசியின் அருமையை நேயர்கள் அண்மைக் காலத்தில் நேரிலேயே கண்டிருக்கின்றனர். 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அந்நியச் செலாவணி தட்டுப்பட்டுக் கடதாசி இறக்குமதி குன்றியபோது, மேல் மாகாணப் பாடசாலைகளில் நடைபெறவிருந்த தவணைப் பரீட்சைகள் வினாத்தாள் அச்சிட வழியின்றிப் பிற்போடப்பட்டன. கொழும்பில் வெளிவரும் நாளேடுகளுள் சில, சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடுவதை நிறுத்திவைத்தன. 1950களில் வாழைச்சேனையில் தொடங்கிய கடதாசி ஆலை வைக்கோலை அரைத்துக் கடதாசி செய்த நாட்டில், ஒரு வினாத்தாளுக்கு வழியில்லாத காலமும் வந்தது. இந்த அனுபவத்திற்குப் பின்னர், கையில் இருக்கும் நூலைக் காப்பது வீட்டுக்கு வீடு செய்யத்தக்க சிக்கனமாகிவிட்டது. அச்சிக்கனத்துக்கு உதவும் மிகச் சிறிய கருவியே படித்த பக்கத்தைக் காட்டும் அட்டை.

ஆங்கிலத்தில் புக்மார்க் என்று சொல்லப்படும் இதனைத் தமிழில் அடையாள அட்டை என்று கூறினால், கொழும்பில் வாழ்வோரின் கை உடனே சட்டைப் பையைத் தடவும். ஆகவே பக்க அட்டை என்று வழங்குவது குழப்பமில்லாதது. பெயர் புதிதேயாயினும் வழக்கம் பழையது. ஏட்டுச் சுவடிகளை எழுதிய முன்னோர் ஓலைகளில் இரண்டு துளையிட்டு, ஒன்றிலே கயிற்றைக் கோத்து, மற்றதிலே நாராசம் என்னும் குச்சியைச் செருகி ஒழுங்கு குலையாமற் காத்தனர். அச்சு நூல் வந்தபின் திருமுறை நூல்களுக்கும் விவிலியத்துக்கும் பட்டு நாடா சேர்த்துக் கட்டினர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க இல்லங்களில் செபப் புத்தகத்தின் நடுவே புனிதர் படங்கள் அடையாளமாக இருக்கும். வெள்ளவத்தை வீடுகளிலே முப்பத்தோராம் நாள் நினைவாகக் கொடுத்த சிறிய அட்டை, தேவாரப் புத்தகத்தில் பக்கம் காட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளோ மயிலிறகை வைத்து, அது குட்டி போடும் என்று நாள்தோறும் திறந்து பார்ப்பர். மயிலிறகு குட்டி போடாது. ஆனால் அதனைப் பார்ப்பதற்காகப் புத்தகத்தைத் திறந்த பிள்ளை, இரண்டு வரி படித்துவிடுவதும் உண்டு.

வறுமைக் காலமும் பக்க அட்டையும் ஒருமுறை வேறொரு நாட்டிலே கைகோத்தன. இங்கிலாந்தின் கொவென்றி நகரம் பட்டு நாடா நெசவுக்குப் பெயர் பெற்றது. 1860 ஆம் ஆண்டு பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே செய்யப்பட்ட வர்த்தக ஒப்பந்தத்தினால், பிரெஞ்சுப் பட்டின் மீதிருந்த தீர்வை நீங்கியது. மலிவான பட்டு வந்து குவியவே, கொவென்றித் தறிகள் ஓய்ந்தன. நெசவாளர் பலர் பிழைப்பை இழந்தனர். அந்நகரத்துத் தோமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1862 ஆம் ஆண்டில், அதே தறியில் படமும் எழுத்தும் சேர்த்து நெய்த சிறிய பட்டுப் பக்க அட்டைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். அவை ஊர் கடந்தும் விரும்பி வாங்கப்பட்டன. ஒருகாலத்தில் பெரிய நெசவாலையொன்றினால் அறியப்பட்டிருந்த வெள்ளவத்தையில் வாழ்வோர்க்கு, தறி ஓய்ந்தவரின் துயரமும் அவர் கண்ட வழியும் எளிதில் விளங்கும். பெரிய தொழில் கைவிட்ட இடத்தில் ஒரு சாண் நாடா கைகொடுத்தது.

பட்டுக்கு இங்கே தேவையில்லை. வீட்டிலே வீசவிருக்கும் மட்டை போதும். ஆனால் வெறும் மட்டை கொழும்பில் நெடுநாள் நிலைப்பதில்லை. வெள்ளவத்தைக்கு மேற்கே கடல். கொட்டாஞ்சேனைக்கு அருகே துறைமுகம். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று. ஒக்ரோபரிலும் நவம்பரிலும் மாலை இடிமழை. காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதனாலே கடதாசி நீரை உறிஞ்சி நெளிகிறது. வியர்வை படிந்த விரல்கள் தொட்ட மட்டை சில கிழமைகளில் கறுக்கிறது. ஈரமும் அழுக்கும் சேர்ந்த மட்டை, தான் காக்கவேண்டிய பக்கத்திலேயே கறையைப் பதிக்கிறது. இதனைத் தடுப்பதற்கே மட்டையின் இருபுறமும் தெளிந்த பிளாஸ்திக் உறை பூசி ஒட்டுகின்றனர். இதுவே லமினேட் செய்தல் எனப்படுவது.

செய்முறையின் முதற்படி மட்டையைத் தெரிவதாகும். பழைய திருமண அழைப்பிதழ், சென்ற ஆண்டின் மேசைக் கலண்டர், தேயிலைப் பெட்டி ஆகிய எதுவும் ஏற்றதே. நாளேட்டுத் தாள் மெல்லியது. வெளிச்சத்தில் விரைவில் பழுக்கவும் செய்யும். மட்டை ஏறத்தாழ மில்லிமீற்றரின் மூன்றில் ஒரு பங்கு தடிப்பாயிருந்தால் நன்று. அதற்கு மிஞ்சினால் நூலின் முதுகை நெம்பும். அகலம் 4 சென்ரிமீற்றர், நீளம் 13.5 சென்ரிமீற்றர் என்று அடிமட்டத்தால் அளந்து கத்திரிக்க வேண்டும். எழுதுவதும் ஒட்டுவதும் உறையிடுவதற்கு முன்னரே முடிந்துவிட வேண்டும். பசை பூசியிருந்தால் ஓரிரவு காயவிடுதல் அவசியம். ஈரம் உள்ளே அகப்பட்டால் குமிழும் பூஞ்சணமும் தோன்றும்.

இரண்டாம் படி உறையிடுதல். காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைச் சந்திகளிலும் உள்ள போட்டோக் கொப்பிக் கடைகளிலே லமினேட் இயந்திரம் இருக்கும். ஏ4 அளவுத் தாளுக்கான உறை, 21.6 சென்ரிமீற்றர் அகலமும் 30.3 சென்ரிமீற்றர் நீளமும் கொண்டது. ஒவ்வோர் அட்டைக்கும் 5 சென்ரிமீற்றர் அகலமும் 15 சென்ரிமீற்றர் நீளமுமாக இடம் ஒதுக்கினால், குறுக்கே நான்கும் நெடுக்கே இரண்டுமாக எட்டு அட்டைகளை ஒரே உறையில் அடக்கலாம். கடைக்காரருக்கு ஓர் உறைக்கான கூலியைக் கொடுத்து எட்டு அட்டைகளைப் பெறலாம். அட்டைகள் நழுவாதபடி ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துளி பசை தொட்டு வைப்பது நல்லது. உறையின் மூடிய ஓரமே முதலில் இயந்திரத்துக்குள் செல்ல வேண்டும். திறந்த ஓரம் முதலிற் சென்றால் உறை சுருங்கி உருளையிற் சிக்கிக்கொள்ளும்.

இங்கே பலர் ஒரு வழியைத் தலைகீழாகச் செய்துவிடுகின்றனர். முழுத்தாளை முதலில் உறையிட்டுவிட்டு, பின்னர் அதனைக் கீற்றுக் கீற்றாக வெட்டுகின்றனர். வெட்டிய விளிம்பில் கடதாசி வெளித்தெரிவதனால், அவ்வழியே ஈரம் நுழைந்து உறை இரண்டாகப் பிரிகிறது. முதலில் மட்டையை வெட்டி, இடைவெளிவிட்டு அடுக்கி, உறையிட்டபின் இடைவெளியின் நடுவே கத்திரிக்க வேண்டும். மட்டையைச் சுற்றிக் குறைந்தது 3 மில்லிமீற்றர் அகலத்துக்குப் பிளாஸ்திக்கோடு பிளாஸ்திக் ஒட்டிய கரை இருந்தால்தான் உறை மூடிய உறையாகும். மேற்புறத்தில் ஒரு சென்ரிமீற்றர் கரை விட்டு, நூல் கட்டும் துளையை அந்தக் கரையிலேயே இட வேண்டும். மட்டையின் மேலே துளையிட்டால் அதுவே நீர் புகும் வாயிலாகிவிடும். கட்டும் நூல் வெள்ளையாக இருப்பது நலம். சாயநூல் நனைந்தால் பக்கத்தில் நிறம் இறங்கும்.

இயந்திரத்தை நாடாமலும் இதனைச் செய்யலாம். பெட்டிகளை ஒட்டும் அகலமான தெளிந்த ஒட்டுநாடா 4.8 சென்ரிமீற்றர் அகலமுடையது. மட்டையை 3.8 சென்ரிமீற்றர் அகலமாக வெட்டினால் இருபக்கமும் அரைச் சென்ரிமீற்றர் கரை கிடைக்கும். 16 சென்ரிமீற்றர் நீளத் துண்டொன்றை ஒட்டும் பக்கம் மேலே தெரியும்படி மேசையில் விரித்து, இரு நுனிகளிலும் மற்றொருவர் பிடித்துக்கொள்ள, மட்டையை நடுவிலே மெல்ல இறக்க வேண்டும். அடுத்த துண்டை ஒரு நுனியிலிருந்து தொடங்கி, அடிமட்டத்தின் விளிம்பால் அழுத்தி நீவிக்கொண்டே மூடினால் காற்று வெளியேறிவிடும். ஓர் அட்டைக்கு 32 சென்ரிமீற்றர் நாடா செல்லும். 45 மீற்றர் நீளமுள்ள ஒரு சுருள் 140 அட்டைகளுக்குப் போதும். முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் பிள்ளைக்கு நான்கு அட்டைகள் என்பது கணக்கு. ஓரத்திற் பசை கசிந்து பக்கத்தில் ஒட்டாதிருக்க, விளிம்பில் சிறிது முகப்பவுடரைத் தடவித் துடைத்துவிட வேண்டும்.

மின்னழுத்தியினால் உறையிட முயல்வோரும் உளர். லமினேட் உறையை இரண்டு பருத்தித் துணிகளுக்கு நடுவே வைத்து, குறைந்த சூட்டில், நீராவி இன்றி, சிறிது சிறிதாக அழுத்தினால் ஓரளவு ஒட்டும். அது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை. சாதாரணப் பொலித்தீன் பையை இவ்வாறு சுடவைத்தல் கூடாது. அது உருகிப் புகையும், துணியும் அழுத்தியும் கெடும். எம்முறையிற் செய்தாலும் நான்கு மூலைகளையும் வட்டமாக வெட்ட வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பை வைத்துக் கோடிட்டால் அளவு சரியாக அமையும். கூர்மையான பிளாஸ்திக் மூலை விரலையும் கிழிக்கும், தாளையும் கிழிக்கும்.

அலங்காரத்துக்குப் பணம் வேண்டுவதில்லை. பிள்ளையார் கோயில் முற்றத்திலும் விகாரையின் வாயிலிலும் நிற்கும் அரச மரம், சைவருக்கும் பௌத்தருக்கும் பொதுவாக இலை உதிர்க்கிறது. உதிர்ந்த இலைகளைத் தண்ணீரில் மூன்று நான்கு கிழமை ஊறவைத்து, தண்ணீரை இடையிடையே மாற்றி, பழைய பற்றூரிகையால் மென்மையாகத் தேய்த்தால் சதை கழன்று நரம்புவலை மட்டும் எஞ்சும். அதனைக் கனமான பொருளின் கீழ் அழுத்தி நன்றாக உலர்த்தி, கருநிற மட்டையின் மேல் வைத்து உறையிட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காத அழகு கிடைக்கும். பசும் இலையையோ பூவையோ அவ்வாறே நூலுக்குள் வைப்பது தவறு. அதன் சாறு பக்கத்தில் இறங்கி மாறாத கறையாகும். இலையை உறைக்குள் வைத்தால் நூலும் காக்கப்படும், இலையும் காக்கப்படும்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதைப் பிள்ளையே முடிவுசெய்ய வேண்டும். தான் விரும்பிய திருக்குறளைத் தன் கையெழுத்தில் எழுதலாம். வாய்பாட்டில் தடுமாறும் பகுதியைக் குறிக்கலாம். மும்மொழியும் காதில் விழும் கொழும்பு நகரில், ஐந்து பொருள்களின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறை புத்தகத்தைத் திறக்கும்போதும் பதினைந்து சொற்கள் கண்ணிற் படும். பென்சிலோ குமிழ்முனைப் பேனாவோ ஏற்றது. ஊறும் மை ஒட்டுநாடாவின் கீழே பரவக்கூடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை மிகவும் தேவையானது. உறையிட்ட அட்டையின் உறுதியைக் கண்டவர்க்கு, பழைய நூலின் தாளையும் பழைய கடிதத்தையும் அவ்வாறே உறையிட்டுக் காக்கலாம் என்ற ஆசை எழும். அறிஞர்களுக்கும் அந்த ஆசை எழுந்தது. 1930களில் அமெரிக்காவில் வில்லியம் பரோ என்பவர், பழைய ஆவணங்களைச் செலுலோசு அசற்றேற்று என்னும் பொருளின் மெல்லிய ஏடுகளுக்கிடையே வைத்துச் சூட்டினால் ஒட்டும் முறையைப் பரப்பினார். பல ஆவணக் காப்பகங்கள் அதனைப் பின்பற்றின. காலம் செல்லச் செல்லக் கடதாசியிலிருந்த அமிலம் உறைக்குள்ளேயே தொடர்ந்து அதனை அரிப்பதும், உறையைப் பிரித்தெடுப்பது பெருஞ் சிரமமென்பதும் தெரியவந்தன. அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. ஆகவே திரும்பச் செய்துகொள்ளக்கூடிய அட்டைக்கு உறையிடலாம். திரும்பக் கிடைக்காத தாளுக்கு உறையிடல் ஆகாது. பாட்டனாரின் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் ஒட்டாத உறையொன்றில் தளர்வாக இருக்கட்டும். கிழிந்த பக்கத்துக்கு ஒட்டுநாடா இடுவதும் இத்தகையதே. அதன் பசை பழுத்துப் பக்கத்தை மஞ்சளாக்கிவிடும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கடதாசியும் பிளாஸ்திக்கும் ஒன்றாக ஒட்டிய பொருளைப் பிரித்து மீண்டும் கடதாசியாக்க முடியாது. பத்து அட்டைகளைச் செய்து ஒன்பதை வீசுவது சிக்கனமாகாது. கடற்கரையில் ஏற்கெனவே குவியும் பிளாஸ்திக்கோடு அதுவும் சேரும். பல ஆண்டு உழைக்கும் என்ற உறுதியோடு சிலவற்றைச் செய்வதே முறை. ஒரு சதமும் செலவிட இயலாதவர், பயன்படுத்திய கொப்பியின் தாளைச் சதுரமாக வெட்டி, மூலையிலே தொப்பி போலப் பொருந்தும் வண்ணம் மடித்துச் செருகலாம். அதற்குப் பசையும் வேண்டாம், உறையும் வேண்டாம். பக்கத்தைக் காக்கும் நோக்கமே முதன்மையானது. உறை அதற்குத் துணை.

கொழும்புத் தமிழர்க்கு நூல் என்பது பொதுச்சொத்து என்ற எண்ணம் புதியதன்று. 1902 ஆம் ஆண்டு தொடங்கிய விவேகானந்த சபை, பிள்ளைகளைச் சமய நூல் படிக்கச் செய்து பரீட்சையும் நடத்தியது. 1942 ஆம் ஆண்டு தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம், வெள்ளவத்தையில் நூலகம் அமைத்து நூல்களைச் சேர்த்தது. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் மறுபடி கிடைக்காத ஏடுகளும் இருந்தன. நெருப்பினால் வரும் அழிவைத் தடுக்க நாடும் அரசும் வேண்டும். மடித்த மூலையாலும் பிளந்த முதுகாலும் நாள்தோறும் ஓசையின்றி வரும் அழிவைத் தடுக்க ஒரு பிள்ளையே போதும்.

நூலகத்திலிருந்து எடுத்த நூலைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அட்டையை எடுத்துக்கொள்ள மறவாதிருத்தல் வேண்டும். நெடுங்காலம் ஒரே பக்கத்தில் கிடந்தால் அட்டையின் தடம் தாளிற் பதிந்துவிடும். பாடநூலை ஆண்டு முடிவில் ஒப்படைக்கும் பிள்ளை, விரும்பினால் தான் செய்த அட்டையையும் முதற்பக்கத்திற்கு முன்னே வைத்துக் கொடுக்கலாம். அடுத்த ஆண்டில் அதனைப் பெறும் பிள்ளை யாரென்று அதற்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கும் இதன் முகம் தெரியாது. மூலை மடியாத நூலும், உள்ளே ஓர் அட்டையும் கிடைத்தால், தனக்கு முன்னே படித்தவர் தன்னை நினைத்திருந்தார் என்பது மட்டும் அதற்குத் தெரியும்.